நவாஹோ நிலத்தில் தண்ணீர் வரைபடம் தயாரிப்பது எப்படி?

அமெரிக்காவின் தென்மேற்கில் நவாஹோ பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலமான (ரிசர்வேஷன்) நவாஹோ நேஷனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. பிக்கப் வண்டியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டு போய்ப் பிடித்து வருகிறார்கள். கிணறு அரசு வரைபடத்தில் இருக்கும். ஆனால் இந்த அலைச்சல் அதில் இருக்காது. ரிசர்வேஷன் மக்களின் தண்ணீர் உரிமையைப் பாசனப் பரப்பை மட்டும் வைத்து அளக்கக்கூடாது, நிரந்தரத் தாயகமாக அங்கே வாழ என்ன தேவை என்று பார்க்க வேண்டும் என அரிசோனா உச்ச நீதிமன்றம் 2001-இல் சொன்னது. அதனால்தான் அலைச்சலும் கணக்கில் ஏற வேண்டும்.

முதல் வேலை சாப்டர் (நவாஹோ உள்ளூர் ஆட்சி அமைப்பு) கூட்டத்தில். தரவு யாருக்குச் சொந்தம், எதை வெளியிடலாம் என்று தீர்மானம் எழுதி வாங்குங்கள். புனித ஊற்றுகள் பொது வரைபடத்தில் வரவே கூடாது. பெரியவர்களிடம் பழைய இடப்பெயர்களைக் கேளுங்கள். நவாஹோ மொழியில் 'டோ' என்றால் தண்ணீர். அந்தச் சொல் வரும் பெயர், வற்றிப்போன ஊற்றையும் காட்டிக்கொடுக்கலாம்.

களத்தில் சிக்னலை நம்பாதீர்கள், வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். இடக்குறிப்பை டபிள்யூஜிஎஸ் 84 முறையில் (ஜிபிஎஸ் பயன்படுத்தும் அளவீட்டு அடிப்படை), தசம டிகிரியில், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். தீர்க்கரேகைக்கு முன்னால் கழித்தல் குறி விட்டுப்போனால் புள்ளி சீனாவில் போய் விழும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறை வேண்டாம்: 108-ஆவது மேற்குத் தீர்க்கரேகையில் மண்டலம் 12 முடிந்து 13 தொடங்குவதால், கிழக்குப் பகுதி சாப்டர்களில் குழப்பம் நிச்சயம். பழைய காகித வரைபடங்கள் பெரும்பாலும் நாட் 27 என்ற பழைய அளவீட்டு அடிப்படையில் அச்சானவை. மாற்றாமல் சேர்த்தால் கிணறு இடம் தள்ளி நிற்கும்.

காற்றாலையால் நீர் இறைக்கும் கிணறு என்றால் தொட்டியில் எழுதியுள்ள எண்ணைப் படமெடுங்கள். 5 கேலன் (சுமார் 19 லிட்டர்) வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று மூன்று முறை பாருங்கள். அப்போது காற்று எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். காற்றில்லாத நாளில் பூஜ்யம் வந்தால் கிணறு வற்றிவிட்டது என்று பொருளில்லை. இந்தப் பிழையால் நல்ல கிணறே கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

தரம் பற்றிக் கண்டிப்பு தேவை. கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் 500-க்கு மேல் உள்ள நிலம் இது. யுரேனியத்துக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், ஆர்சனிக்குக்கு 10 என்பது அமெரிக்கக் குடிநீர் வரம்பு. இரண்டும் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாதவை. கொதிக்கவைத்தாலும் போகாது, செறிவுதான் கூடும். ஆய்வக முடிவு இல்லாத கிணற்றுக்கு 'சோதிக்கப்படவில்லை' என்று மட்டும் குறியுங்கள்.

வீடுகளுக்கு வந்தால், ஓடோமீட்டர்படி ஒருவழித் தூரம், வாரத்துக்கு எத்தனை நடை, பீப்பாயின் கொள்ளளவு, குடிக்க எவ்வளவு, ஆடு மாடுகளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 55 கேலன் பீப்பாய் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 208 கிலோ. பாதை மோசமென்றால் பலர் முழுக்க நிரப்புவதில்லை. மழையில் சேறாகும் பாதைகளுக்குத் தனிக் கேள்வி வையுங்கள், சுற்றிப் போகும் தூரம் வேறு.

வீட்டின் சரியான இடத்தை வெளியிடாமல், ஒரு கிலோமீட்டர் கட்டமாகக் காட்டுங்கள். அச்சிட்ட பிரதியைச் சாப்டர் அரங்கில் விரித்து, ஒவ்வொரு புள்ளியையும் அங்குள்ளவர்கள் திருத்திய பிறகு தேதியிட்டுப் பூட்டுங்கள். திருத்தம் எழுதிய அந்தக் காகிதத்தையும் எறிய வேண்டாம்.