மாட்டின் முகர்வு ஏற்பி மரபணுக்களைக் கண்டறிதல்: பிற பாலூட்டிகளோடு ஒப்பிடும் முறை

பாலூட்டிகளில், மூக்கில் மணத்தை உணரும் புரதங்களான முகர்வு ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தைவிடப் பெரிய மரபணுக் குடும்பம் வேறில்லை. 2013 இல் வெளியான ஆய்வொன்று மாட்டில் செயல்படக்கூடிய முகர்வு ஏற்பி மரபணுக்கள் 881 என்றும் செயலிழந்த போலி மரபணுக்கள் 190 என்றும் கணக்கிட்டது. அடுத்த ஆண்டு 13 பாலூட்டிகளை ஒப்பிட்ட வேறோர் ஆய்வு, செயல்படக்கூடியவை மட்டுமே 1,186 என்றது. மரபணுத்தொகுதியை எந்தத் தொகுப்பிலிருந்து (துண்டுகளாகப் படித்த டிஎன்ஏவை இணைத்து உருவாக்கிய வரிசை) படிக்கிறோம், எந்த அளவுகோலால் தரம் பிரிக்கிறோம் என்பவற்றைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. ஆகவே தேடலைவிட, கிடைத்தவற்றில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற முடிவுக்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

இந்த மரபணுக்களின் அமைப்பு ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்றது. 1991 இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் எலியில் முதன்முதலாக விவரித்த இந்தக் குடும்பத்தில், புரதத்துக்கான பகுதி பெரும்பாலும் இடையீடு ஏதுமின்றி ஒரே எக்சானில் (புரதக் குறிப்பு அடங்கிய மரபணுப் பகுதி), ஏறக்குறைய ஆயிரம் டிஎன்ஏ எழுத்து நீளத்தில் அமைந்திருக்கும். அதிலிருந்து உருவாகும் புரதம் சுமார் 310 அமினோ அமிலங்கள் கொண்டது; செல் சவ்வை ஏழு முறை ஊடுருவுவது. மூன்றாம் ஊடுருவல் பகுதி முடியும் இடத்தில் மெத்தியோனின், அலனின், டைரோசின், அஸ்பார்டிக் அமிலம், அர்ஜினின், டைரோசின் என்ற வரிசை பெரும்பாலான ஏற்பிகளில் ஏறத்தாழ அப்படியே காணப்படும். இனம் மாறினாலும் இவ்வடையாளங்கள் மாறாதிருப்பதால், மனிதனின் வரிசையைக் கொண்டே மாட்டின் மரபணுவைத் தேட முடிகிறது.

முதலில் தேடல் வரிசைகளைத் திரட்ட வேண்டும். மனிதனில் செயல்படும் முகர்வு ஏற்பிகள் சுமார் 400 மட்டுமே. பல துணைக்குடும்பங்கள் மனித மரபில் அழிந்துவிட்டன. எனவே மனித வரிசைகளோடு நிற்காமல், ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொண்ட சுண்டெலியையும், சுமார் 800 கொண்ட நாயையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீன்களிடத்தும் காணப்படும் முதல் வகுப்பு ஏற்பிகள், நிலவாழ் விலங்குகளில் பெருகிய இரண்டாம் வகுப்பு ஏற்பிகள் ஆகிய இரண்டும் பட்டியலில் இடம்பெற்றிருப்பதை உறுதிசெய்க.

மாட்டின் மரபணுத்தொகுதிக்கு, ஹெர்போர்டு இனப் பசு ஒன்றிலிருந்து நீள்வாசிப்பு முறையில் (டிஎன்ஏவை நீண்ட துண்டுகளாகப் படிப்பது) உருவாக்கப்பட்ட ஏஆர்எஸ்-யுசிடி தொகுப்பைப் பயன்படுத்துவது நல்லது. முகர்வு ஏற்பி மரபணுக்கள் ஒன்றையொன்று ஒத்த நகல்களாக அடுத்தடுத்து வரிசையாக நிற்பவை. குறுவாசிப்புத் தொகுப்புகளில் இத்தகைய இரண்டு மூன்று நகல்கள் ஒன்றாக ஒடுங்கிவிடும் வாய்ப்பு அதிகம். அப்படி மறைந்த மரபணுவை அந்தத் தொகுப்பிலிருந்து தேடி மீட்க இயலாது.

தேடலுக்கு, புரத வரிசையை ஆறு வாசிப்புச் சட்டங்களிலும் (டிஎன்ஏவின் இரு இழைகளையும் மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கும் வழிகள்) மரபணுத்தொகுதியோடு ஒப்பிடும் டிபிளாஸ்ட்என் என்ற மென்பொருள் போதுமானது. ஒரு பொருத்தம் தற்செயலாகக் கிடைக்கும் எதிர்பார்ப்பைக் குறிக்கும் ஈ-மதிப்பின் எல்லையை 10⁻¹⁰ அளவில் தளர்வாக வைக்கலாம்; தவறானவற்றைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான தேடல் வரிசைகள் ஒரே இடத்தில் வந்து விழும் என்பதால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பொருத்தங்களை இணைத்து, இடத்துக்கு ஒன்றாக, மிகுந்த மதிப்பெண் பெற்றதை வைத்துக்கொள்க. பின்னர் இருபுறமும் சில நூறு எழுத்துகள் நீட்டி, புரதத்தின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் மூவெழுத்துகளான தொடக்கக் குறிமம் முதல் நிறுத்தக் குறிமம் வரையான சட்டத்தைத் தேட வேண்டும். தொடக்கத்தில் மெத்தியோனின் பல இடங்களில் வந்தால், மிக நீளமான சட்டத்தைக் கண்மூடி ஏற்காமல், பிற இனங்களின் வரிசைகளோடு மாஃப்ட் என்ற மென்பொருள் கொண்டு ஒழுங்கமைத்து, அவற்றோடு ஒத்துப்போகும் தொடக்கத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிடைத்தவை எல்லாம் முகர்வு ஏற்பிகள் ஆகிவிடா. முகர்வு ஏற்பிகளை உள்ளடக்கிய பெரிய வகையான ஜி-புரத இணை ஏற்பிகளின் பிற குடும்பங்களும், குறிப்பாகச் சுவடு அமீன் ஏற்பிகளும், ஏழு ஊடுருவல் கொண்டவை. சுவடு அமீன் ஏற்பிகளும் பெரும்பாலும் ஒரே எக்சானில் அமைந்தவை, மூக்கிலும் செயல்படுபவை. ஒவ்வொரு வரிசையையும் எல்லாப் புரதங்களும் அடங்கிய தரவுத்தளத்தில் மறுதேடல் செய்து, முதலில் பொருந்துவது முகர்வு ஏற்பிதானா என்று பார்க்க வேண்டும். ஐயம் நீடித்தால் பிற ஏற்பிகளை வெளிக்குழுவாக (ஒப்பிடுவதற்கான வெளியாள்களாக) வைத்துப் பரிணாம மரம் வரைந்து, அந்த வரிசை எந்தக் கிளையில் அமர்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்க.

அடுத்து வருவது தரம் பிரித்தல். நிறுத்தக் குறிமம் இடையில் வந்தாலோ, சட்டம் பிறழ்ந்தாலோ, ஊடுருவல் பகுதி ஒன்றில் பெரிய துண்டு இல்லாமற் போனாலோ அது போலி மரபணு. ஆனால் தொகுப்பின் இடைவெளியையோ விளிம்பையோ ஒட்டி அறுபட்டுக் கிடப்பதைப் போலி என்று எழுதுவது நியாயமன்று. அதற்குத் ‘துண்டிக்கப்பட்டவை’ என்று தனிப் பிரிவு வேண்டும். சட்டம் ஒரே எழுத்தால் பிறழ்ந்திருந்தால், மூல வாசிப்புகளை அந்த இடத்தில் திறந்து பார்த்து, பிழை வாசிப்பினுடையதா மரபணுவினுடையதா என்பதை அறிந்த பிறகே பெயரிட வேண்டும். மனிதரில் ஒருவரிடம் முழுமையாகவும் மற்றொருவரிடம் போலியாகவும் உள்ள முகர்வு ஏற்பிகள் பல அறியப்பட்டுள்ளன. மாட்டிலும் அதே வாய்ப்பை எண்ணி, பிராமன், ஆங்கஸ் இனங்களின் தொகுப்புகளிலும் அதே இடத்தைச் சரிபார்ப்பது பயன் தரும்.

இனங்களுக்கிடையே இணைமரபணு (ஒரே மூதாதை மரபணுவிலிருந்து வந்தது) காண்பதில் வரிசை ஒற்றுமையை மட்டும் நம்பலாகாது. இக்குடும்பத்தில் மரபணுக்கள் பெருகுவதும் அழிவதும் ஓயாமல் நிகழ்வதால், மனிதனின் ஒரு மரபணுவுக்கு மாட்டில் ஐந்து நகல்கள் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பரிணாம மரத்தோடு அக்கம்பக்கத்து மரபணுக்களின் வரிசையையும் ஒப்பிடுக: மனிதனின் 11 ஆம் குரோமோசோமில் உள்ள பெருந்திரள்களுக்கு ஒத்தவை மாட்டின் 15, 29 ஆம் குரோமோசோம்களில் உள்ளன. 40 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தவை ஒரு குடும்பம், 60 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தவை ஒரு துணைக்குடும்பம் என்ற வழக்கமான எல்லை பெயரிடத் துணைபுரியும். எல்லையோரத்தில் நிற்பவற்றுக்கு மரமே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மணத்தை உணரும் மூக்கின் உட்படலமான முகர்வுப் புறத்திசுவின் ஆர்என்ஏ தரவு (எந்த மரபணுக்கள் அங்கே செயல்படுகின்றன என்பதைக் காட்டுவது) கிடைத்தால் பட்டியலை அதனோடு ஒப்பிடலாம். எனினும் ஒவ்வொரு நரம்பு செல்லும் பொதுவாக ஒரே ஏற்பியையே வெளிப்படுத்துவதால் பல மரபணுக்களின் அளவு மிகக் குறைவாகவே தெரியும். வாசிப்பு கிடைக்கவில்லை என்ற காரணத்துக்காக எந்த மரபணுவையும் நீக்க வேண்டாம். இறுதிப் பட்டியலில் தொகுப்பின் பதிப்பு, குரோமோசோம், தொடக்க முடிவு இடங்கள், இழையின் திசை, தரம், தள்ளப்பட்டவற்றுக்கான காரணம் ஆகிய அனைத்தையும் பதிவு செய்க.