டை ஃபைட்டரில் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர்: கப்பல் தானாகச் சுழலாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அண்ணன், என் கணினியில் டை ஃபைட்டர் என்ற பழைய விண்கல ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஓடுதாடா?" என்று கேட்டார். நாங்கள் அங் மோ கியோவில் இருந்தபோது வீட்டில் ஒரே கணினிதான். அவர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துப் பறப்பார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எஃப்9, எஃப்10 விசைகளை அழுத்தி லேசருக்கும் கேடயத்துக்கும் சக்தியை மாற்றிக் கொடுப்பேன். அந்த ஞாபகத்தில் அக்கா மகனின் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். ஆட்டம் தொடங்கியதுமே கப்பல் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இடது பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. பத்து நிமிடம் போராடிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, விடு" என்று சாப்பிடப் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்று இரவுகள் உட்கார்ந்து சரிசெய்தேன். கண்ட்ரோலரிலும் ஆட்டத்திலும் ஒரு குறையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கடிகாரம்தான் பிரச்சினை. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டத்தை வாங்கி இன்ஸ்டால் செய்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்-விங் (1993), டை ஃபைட்டர் (1994) இரண்டும் 2014 அக்டோபரிலிருந்து ஜிஓஜி தளத்தில் கிடைக்கின்றன. அங்கே வாங்கினால், பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளும் கூடவே வந்துவிடும். நான் சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செய்து பார்த்தது.

எதை வாங்குவது

கையில் கண்ட்ரோலர் இருந்தால் அதுவே போதும், தொடங்குங்கள். ஆனால் இந்த ஆட்டங்கள் ஜாய்ஸ்டிக்குக்காகவே எழுதப்பட்டவை. கட்டைவிரலால் மெல்லத் தள்ளிக் குறிபார்ப்பதற்கும் முழுக்கையால் பிடித்துக் குறிபார்ப்பதற்கும் வித்தியாசம் பெரிது. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவில் 12 பொத்தான்கள், திருகும் பிடி, அடியில் வேகத்துக்கு ஒரு நெம்புகோல் எல்லாம் உண்டு. முதல் ஸ்டிக்காக அது நல்லது. கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் வாங்குங்கள். என் தேர்வு அதுதான். அதில் ஸ்டிக்கின் இடத்தை அளப்பது காந்த உணரி. உரசும் பாகம் இல்லாததால் அந்த இடத்தில் தேய்மானம் இல்லை. மின்தடையை வைத்து அளக்கும் பழைய ஸ்டிக் ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டு வருடம் அலமாரியில் கிடந்துவிட்டு வெளியே வந்தபோது நடுவில் நிற்காமல் துள்ளியது.

சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் புதிதாகப் பார்க்கலாம். கேரோசல் தளத்தில் பழையது வாங்குவதானால் மடிக்கணினியையும் எடுத்துப் போங்கள். விற்பவரின் புளோக் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்மேசையிலேயே செருகிச் சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள். சோதிக்கும் வழி அடுத்த படியிலேயே இருக்கிறது.

முதல் படி: விண்டோஸ் என்ன பார்க்கிறது?

கண்ட்ரோலரை வயரோடு செருகுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஜே ஓ ஒய், புள்ளி, சி பி எல் என்று இடைவெளியில்லாமல் தட்டுங்கள். செருகியிருக்கும் கண்ட்ரோலர்களின் பட்டியல் வரும். உங்களுடையதைத் தேர்ந்து ப்ராப்பர்டீஸ் போனால் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு புள்ளியும் தெரியும். கையை எடுத்ததும் புள்ளி நடுவில் வந்து நிற்க வேண்டும். நடுங்கினாலோ ஓரமாக ஒதுங்கினாலோ அது கருவியின் கோளாறு. கீழே சொல்லும் எதுவும் அதைச் சரிசெய்யாது.

பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். பழைய ஆட்டங்களில் பல, முதலாவது ஜாய்ஸ்டிக் எதுவோ அதை மட்டுமே பார்க்கும். சில சமயம் மெய்நிகர் ஜாய்ஸ்டிக் மென்பொருள் ஒன்று முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள். முடியாவிட்டால் அதே பெட்டியில் அட்வான்ஸ்ட் என்ற பொத்தானை அழுத்தி, பழைய ஆட்டங்கள் எந்தக் கருவியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று: கண்ட்ரோலரைச் செருகிய பிறகுதான் டாஸ்பாக்ஸைத் திறக்க வேண்டும். ஜிஓஜியோடு வரும் 0.74 பதிப்பு, திறக்கும் நேரத்தில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கை மட்டுமே கண்டுகொள்ளும்.

இரண்டாம் படி: சுழல் ஏன் வருகிறது?

என்னை மூன்று இரவு உட்கார வைத்தது இதுதான். விண்டோஸ் சதுரத்தில் புள்ளி நடுவில் அசையாமல் நின்றது. ஆட்டத்துக்குள் போனால் மட்டும் கப்பல் சுழன்றது. காரணம் புரிய அந்தக் காலத்து 15 முனைச் செருகியை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது சவுண்ட் கார்டின் பின்னால்தான் இருக்கும். 1989ல் நம்மூர் கிரியேட்டிவ் டெக்னாலஜி வெளியிட்ட முதல் சவுண்ட் பிளாஸ்டரிலேயே அது இருந்தது. அந்தக் காலத்தில் உலகமெங்கும் எத்தனையோ பிள்ளைகள் விண்கலம் ஓட்டியது சிங்கப்பூரில் உருவான ஒரு நிறுவனத்தின் அட்டை வழியாகத்தான் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

அந்தச் செருகிக்கு ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று நேராகத் தெரியாது. ஸ்டிக்குக்குள் மாறும் மின்தடைகள் இருக்கும். ஆட்டம் ஒரு சைகை அனுப்பியதும் அட்டையில் உள்ள சின்ன மின்தேக்கி அந்த மின்தடை வழியாக நிரம்பத் தொடங்கும். நிரம்பும்வரை ஆட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஸ்டிக்கை வலது பக்கமோ பின்னாலோ இழுத்தால் மின்தடை கூடும், நிரம்ப நேரமாகும், எண்ணிக்கை ஏறும். இடது பக்கமோ முன்னாலோ தள்ளினால் எண்ணிக்கை இறங்கும். அதாவது ஆட்டம் அளப்பது நேரத்தை. அதையும் கணினியின் வேகத்தை வைத்து அளக்கிறது.

இப்போது டாஸ்பாக்ஸுக்கு வாருங்கள். அதில் சைக்கிள்ஸ் என்ற அமைப்பு ஆட்டோ அல்லது மேக்ஸ் என்று இருந்தால், உள்ளே ஓடும் போலிக் கணினியின் வேகம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். ஸ்டிக்கின் நடுவும் ஓரங்களும் எங்கே என்று ஆட்டத்துக்குக் காட்டிக்கொடுக்கும் காலிபரேஷன் திரையில் வேகமாக ஓடும்போது நடுப்புள்ளிக்கு ஓர் எண்ணிக்கை கிடைக்கும். பறக்கும்போது வேகம் குறைந்தால் அதே நடுப்புள்ளிக்குக் குறைந்த எண்ணிக்கைதான் வரும். ஆட்டம் என்ன நினைக்கும்? ஸ்டிக்கை இடது பக்கமும் முன்னாலும் தள்ளியிருக்கிறார்கள் என்று. மூக்கைக் கீழே குத்தி இடது பக்கம் சுழன்றது இதனால்தான்.

மூன்றாம் படி: கடிகாரத்தைக் கட்டிப்போடுவது

ஆட்டத்தின் ஃபோல்டரில் கான்ஃப் என்று முடியும் கோப்புகள் வழக்கமாக இரண்டு இருக்கும். பெயரின் கடைசியில் சிங்கிள் என்று இருப்பதை விட்டுவிட்டு, மற்றதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு நோட்பேடில் திறங்கள்.

சிபியு பகுதியில் சைக்கிள்ஸ் வரியைத் தேடி, ஃபிக்ஸ்ட் என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு ஓர் எண் கொடுங்கள். டை ஃபைட்டருக்கு நான் 25000 வைத்திருக்கிறேன். படம் திக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள்.

ஜாய்ஸ்டிக் பகுதியில் மூன்று வரிகளைக் கவனிக்க வேண்டும். டைம்ட் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். அதன் பிறகு டாஸ்பாக்ஸ் நேரத்தைப் பார்க்காது, ஆட்டம் எத்தனை முறை கேட்டது என்பதை மட்டும் பார்த்துப் பதில் சொல்லும். பட்டன்ராப் என்பதும் ஃபால்ஸ் ஆக இருக்க வேண்டும். அது ட்ரூ என்று இருந்தால் அதிகப்படியான பொத்தான்கள் சுற்றி வந்து முதல் பொத்தானாகவே வேலை செய்யும். வேகத்தைக் கூட்ட நினைத்து ஓரப் பொத்தானை அழுத்தினால் நட்புக் கப்பல் மேல் லேசர் பாயும். எனக்கு அப்படித்தான் பாய்ந்தது. ஜாய்ஸ்டிக்டைப் என்பதில் 2 என்ற எண்ணை எழுதி இடைவெளி விடாமல் ஆக்ஸிஸ் என்று சேருங்கள். 4 ஆக்ஸிஸ் வைத்தால் வலது குச்சியும் ட்ரிக்கரும்கூட உள்ளே வரும். முதல் தடவைக்கு அந்தக் குழப்பம் வேண்டாம்.

கோப்பைச் சேமித்துவிட்டு ஆட்டத்தைத் திறந்து, மறுபடியும் காலிபரேட் செய்யுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். டைம்ட் அமைப்பை நான் இரண்டாம் இரவே மாற்றிவிட்டேன். ஆனால் ஆட்டம் பழைய அளவுகளைச் சேமித்து வைத்திருந்ததால் சுழல் நிற்கவே இல்லை. தவறான வழியில் போகிறேன் என்று நினைத்து மாற்றியதை எல்லாம் திரும்பப் பழையபடி வைத்தேன். ஒரு முழு இரவு அப்படிப் போனது. எந்த அமைப்பை மாற்றினாலும் அதன் பின் ஒரு காலிபரேஷன் என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் நடுவே கண்ட்ரோலோடு எஃப்11, எஃப்12 அழுத்தாதீர்கள். அவை சைக்கிள்ஸைக் குறைத்துக் கூட்டும் விசைகள். கண்ட்ரோலும் எஃப்9ம் சேர்ந்தால் டாஸ்பாக்ஸே மூடிக்கொள்ளும். எஃப்9 அடிக்கடி தேவைப்படும் ஆட்டம் இது, விரல் தவறிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு கப்பல் லேசாக ஊர்ந்தால், டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு அசைவைக் கண்டுகொள்ளாமல் இருக்க அதில் டெட்ஸோன் என்று ஓர் அமைப்பு உண்டு. தேய்ந்த கண்ட்ரோலர்களுக்கு அது பெரிய உதவி.

நான்காம் படி: பொத்தான்கள்

கண்ட்ரோலையும் எஃப்1ஐயும் அழுத்தினால் மேப்பர் திரை வரும். விசைப்பலகைப் படத்தில் வேண்டிய விசையைச் சொடுக்கி, ஆட் என்பதைச் சொடுக்கி, கண்ட்ரோலரில் பொத்தானை அழுத்துங்கள். எல்லாம் முடிந்ததும் சேவ், பிறகு எக்ஸிட். சேவ் செய்யாமல் வெளியே வந்தால் அடுத்த முறை திறக்கும்போது எதுவும் இருக்காது.

முதல் இரண்டு பொத்தான்களை அப்படியே விடுங்கள். ஒன்று சுடுவதற்கு. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு ஸ்டிக்கை இடம் வலம் ஆட்டினால் கப்பல் புரளும். மற்றவற்றுக்கு என் அடுக்கு இது: எக்ஸ் பொத்தானுக்கு ஆர் விசை, அதாவது பக்கத்தில் இருக்கும் எதிரியைக் குறிவைப்பது. ஒய் பொத்தானுக்கு என்டர், குறிவைத்த கப்பலின் வேகத்துக்கு நம் வேகத்தைப் பொருத்துவது. வலது ஓரப் பொத்தானுக்கு பேக்ஸ்பேஸ், முழு வேகம். இடது ஓரப் பொத்தானுக்கு மூன்றில் ஒரு பங்கு வேகம் தரும் இடது சதுர அடைப்புக்குறி விசை. ட்ரிக்கர்களில் வேகத்தை வைக்க ஆசை வரும். பழைய வழியில் பார்க்கும் ஆட்டங்களுக்கு எக்ஸ்பாக்ஸின் இரண்டு ட்ரிக்கரும் ஒரே அச்சாகத்தான் தெரியும். ஒன்று கூட்ட, மற்றது குறைக்க, இரண்டையும் அழுத்தினால் ஒன்றையொன்று அடித்துவிடும்.

எஃப்9, எஃப்10 இரண்டையும் திசைப் பொத்தான்களில் வைத்திருந்தேன். பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது அவற்றை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நானே அழுத்துகிறேன். நீங்கள் தனியாகப் பறப்பவர் என்றால் திசைப் பொத்தான்களிலேயே வையுங்கள், வசதியாக இருக்கும்.

விண்டோஸ் ஆட்டங்கள்

இவற்றில் கடிகாரச் சிக்கல் இல்லை, முதல் படி சரியாக இருந்தால் போதும். எக்ஸ்-விங் அலையன்ஸ் (1999) ஜாய்ஸ்டிக் இல்லாவிட்டால் பறக்கவே விடாது. ஃப்ரீஸ்பேஸ் 2 (1999) விஷயம் இன்னும் சுலபம். அதன் மூல நிரல் 2002ல் வெளியிடப்பட்டு, ரசிகர்கள் இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். நாஸ்ஸோஸ் என்ற லாஞ்சர் வழியாகப் போட்டால் புதிய ஆட்டம் போலவே கண்ட்ரோலரை எடுத்துக்கொள்ளும். ஃப்ரீலான்சருக்கு (2003) ஜாய்ஸ்டிக் தேடாதீர்கள். அது மவுஸுக்காக எழுதப்பட்டது, மவுஸில்தான் அழகாக ஓடும்.

பின்சேர்க்கை 1: எல்லாம் செய்தும் கண்ட்ரோலரை அசைத்தால் மவுஸ் அம்பு நகர்கிறது என்று ஜொகூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பின்னணியில் ஸ்டீம் திறந்திருந்தது. அது தன் டெஸ்க்டாப் அமைப்பால் கண்ட்ரோலரை மவுஸாகவும் விசைப்பலகையாகவும் மாற்றிவிடும். ஸ்டீமை முழுதாக மூடிய பிறகு சரியானது.

பின்சேர்க்கை 2: பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு எண் வரிசை வேறு. முதல் பொத்தான் சதுரம், இரண்டாவது எக்ஸ் குறி, மூன்றாவது வட்டம், நான்காவது முக்கோணம். சுடுவது சதுரத்தில் வரும். மாற்ற வேண்டுமென்றால் மேப்பரிலேயே மாற்றலாம்.

பின்சேர்க்கை 3: புளூடூத்தில் ஆடுகிறவர்கள் சொன்னது. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரை 15 நிமிடம் தொடாமல் வைத்தால் தானாக அணைந்துவிடும். 0.74 பதிப்பு அதைத் திரும்பக் கண்டுகொள்வதில்லை. டாஸ்பாக்ஸை மூடித் திறக்க வேண்டியிருக்கும். பணிக்குறிப்பைப் படித்துக்கொண்டே காபி போடப் போகிறவர் என்றால் வயரிலேயே ஆடுங்கள்.