தராசில் பிறந்த சிந்தனைச் சொற்கள்: ஆங்கிலத்தில் இடம் பார்த்துப் போடுவது எப்படி

வெய், பாண்டர், டெலிபரேட், பென்சிவ். அகராதியைப் புரட்டினால் நான்குக்கும் ‘யோசி’, ‘ஆலோசி’, ‘சிந்தனை’ என்று ஏறத்தாழ ஒரே பொருள்தான் கிடைக்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் இடறும்.

முதலில் வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். லத்தீனில் ‘பெண்டெரே’ என்றால் நிறுப்பது. உலோகத்தை நிறுத்துக் கொடுத்துக் கடன் தீர்த்த காலத்தில் அதற்கே ‘பணம் செலுத்து’ என்ற பொருளும் வந்தது. எக்ஸ்பென்ஸ், பென்ஷன் எல்லாம் அந்தப் பணவழி வந்தவை; பாண்டரும் பென்சிவும் அதே சொற்குடும்பத்தின் யோசனைக் கிளை. ‘லிப்ரா’ என்றால் தராசு. டெலிபரேட் அதிலிருந்து வந்தது. பவுண்டு எடையை ‘எல்பி’ என்று சுருக்குவதும் அதனால்தான். எக்ஸாமின் என்ற சொல்லின் வேரோ தராசின் முள். எடைபோடுகிறேன், சீர்தூக்கிப் பார்க்கிறேன் என்று அன்றாடம் பேசுகிற நமக்கு இது எளிதில் மனதில் நிற்கும்.

அடுத்து வெய். அதிகம் பயன்படுவதும் அதிகம் பிழையாவதும் இதுதான். உங்கள் எடையைச் சொல்ல ‘ஐ வெய் சிக்ஸ்டி கிலோஸ்’ என்பதே சரி. ‘ஐ ஆம் வெயிங் சிக்ஸ்டி கிலோஸ்’ தவறு, ஏனென்றால் எடை என்பது நிலை, நடந்துகொண்டிருக்கும் செயல் இல்லை. ஒரு பார்சலைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தால் ‘ஐ ஆம் வெயிங் தி பார்சல்’ சரியே. யோசனைப் பொருளில் வரும்போது பின்னால் ஒட்டும் சிறு சொல்லைச் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், பொருளை மாற்றுவது அதுதான். வெய் அப் என்றால் முடிவெடுக்கும் முன் சாதக பாதகங்களை ஒப்பிடுவது. வெய் ஏ அகேன்ஸ்ட் பி என்றால் ஒன்றுக்கு எதிரே மற்றொன்றை வைத்துப் பார்ப்பது. வெய் இன் என்றால் நடக்கும் விவாதத்தில் புகுந்து கருத்துச் சொல்வது. வெய் ஆன் என்றால் மனதை அழுத்துவது. ‘தி டிசிஷன் வெய்ஸ் ஆன் மீ’ என்று எழுதினால் முடிவு உங்களை வாட்டுகிறது என்று அர்த்தம். முடிவை ஆராய்கிறீர்கள் என்று யாரும் படிக்கமாட்டார்கள்.

பாண்டர் நீண்டநேர யோசனை. முடிவு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை, அதனால் ‘க்விக்லி’ என்ற சொல் அதோடு பொருந்தாது. பாண்டர் தி க்வெஸ்டியன் எனலாம், பாண்டர் ஓவர் இட் எனவும் எழுதலாம். பாண்டரஸ் என்ற சொல்லிடம் எச்சரிக்கை தேவை. நன்கு யோசிப்பவர் என்று நினைத்து ஒருவரைப் பாராட்ட இதை எழுதினால், அவர் மந்தமானவர், அவர் பேச்சு சலிப்பூட்டும் என்று திட்டியதாகிவிடும். பாராட்டுக்கு உரிய சொல் தாட்ஃபுல்.

டெலிபரேட் எழுத்தில் ஒன்று, உச்சரிப்பில் இரண்டு. வினையாக வந்தால் கடைசி அசை ‘ரேட்’ என நீளும். பெயரடையாக வந்தால் ‘ரட்’ எனக் குறுகும். வினை பெரும்பாலும் ஜூரி, கமிட்டி போன்ற குழுக்களுக்கு உரியது. ஒரு சாதாரண மின்னஞ்சலில் ‘ஐ வில் டெலிபரேட்’ என்றால் விறைப்பாக ஒலிக்கும். ‘ஐ வில் திங்க் இட் ஓவர்’ போதும். பெயரடைக்கு இரண்டு பொருள். டெலிபரட் லை என்றால் வேண்டுமென்றே சொன்ன பொய், டெலிபரட் ஸ்டெப்ஸ் என்றால் நிதானமான நடை.

பென்சிவ் முகத்தையும் மனநிலையையும் மட்டும் குறிக்கும், லேசான சோகச் சாயலோடு. பட்ஜெட் போடும் யோசனைக்கு அது ஆகாது.

கன்சிடர் இந்தக் குடும்பம் இல்லை என்றாலும், இவற்றோடு சேர்ந்தே வருவதால் சொல்லிவிடுகிறோம்: அதன் பின்னால் ‘அபௌட்’ போடாதீர்கள். ‘அதைப் பற்றி யோசி’ என்ற நம் வழக்கிலிருந்து நழுவி வரும் பிழை அது.

கடைசியாக ஸ்க்ரூபிள். லத்தீனில் கூரான சிறு கல். மருந்து நிறுக்கும் பழைய அளவையில் 20 கிரெயின், அதாவது சுமார் 1.3 கிராம், ஒரு ஸ்க்ரூபிள். மனதை உறுத்தும் தயக்கத்துக்கும் அதே பெயர். இந்தப் பொருளில் பெரும்பாலும் பன்மையில், ஸ்க்ரூபிள்ஸ் என்றே வரும். ஸ்க்ரூபுலஸ் என்றால் பொதுவாகச் சின்ன விவரத்தையும் விடாமல் கவனிப்பவர். அன்ஸ்க்ரூபுலஸ் அதன் நேர் எதிர்ச்சொல் என்று எண்ணிக் கவனக்குறைவான ஊழியரைப் பற்றிய அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். மனசாட்சி இல்லாதவர் என்று குற்றம் சாட்டியதாக ஆகிவிடும். அங்கே எழுத வேண்டியது கேர்லெஸ்.