108 வந்து சேரும் வரையிலும் வந்த பின்னும்: மருத்துவ உதவியாளருக்குத் துணைநிற்பது எப்படி?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், நோயாளியை மருத்துவமனையில் விரைவாகக் கொண்டு சேர்க்கும் வண்டி என்று மட்டுமே நம்மில் பலர் அதை எண்ணுகிறோம். ஓட்டுநருடன் அந்த வண்டியில் ஒரு மருத்துவ உதவியாளரும் வருகிறார். நர்சிங்கோ, மருந்தியலோ, உயிரியல் சார்ந்த பட்டமோ படித்து, அதன் மேல் அவசரச் சிகிச்சையில் தனிப் பயிற்சியும் பெற்றவர் அவர். நோயாளியின் பக்கத்தில் அவர் வந்து உட்கார்ந்த நொடியிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. அவருடைய கைகள் தடையின்றி வேலை செய்ய நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அழைத்தவுடன் மாவட்டம், வட்டம், ஊர், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைக் கேட்பார்கள். உயிர் துடிக்கும் நேரத்தில் இத்தனை கேள்வியா என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால் மாநிலம் முழுவதிலிருந்தும் அழைப்புகள் சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகின்றன. புதூர் என்றும் காந்தி நகர் என்றும் பெயர் கொண்ட இடங்களோ மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கின்றன. எனவே மாவட்டத்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லையும், எந்த ஊரை நோக்கிச் செல்லும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்பதே அடுத்துத் தேவைப்படும் செய்தி. அழைத்த கைப்பேசியில் வேறு யாரிடமும் பேசாதீர்கள், ஏனெனில் வழி கேட்டு வண்டியிலிருந்து அழைப்பு வரும். தெருமுனையில் ஒருவரை நிறுத்துவது, இரவானால் வாசல் விளக்கைப் போடுவது ஆகிய சிறு வேலைகள் உண்மையிலேயே நிமிடங்களை மிச்சப்படுத்துகின்றன.

காத்திருக்கும் நேரத்தில் செய்யக் கூடாதவையே நம் ஊர்களில் அதிகம் நடக்கின்றன. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயன் ஏதும் இல்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடித்துக்கொள்ளும் பொருள்களை அகற்றினால் போதும். பூச்சிமருந்து குடித்தவருக்குச் சோப்புத் தண்ணீரையோ உப்புக் கரைசலையோ புகட்டி வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கி, விஷத்தோடு இன்னொரு ஆபத்தையும் சேர்த்துவிடும். மருந்துப் புட்டியை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கூடவே கூடாது. நினைவும் இழந்து மூச்சும் நின்றவருக்கு மட்டும் காத்திருத்தல் பொருந்தாது: மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்துங்கள், உதவியாளர் வந்து பொறுப்பேற்கும் வரை நிறுத்தாதீர்கள்.

வண்டி வந்ததும் கூட்டத்திலிருந்து எழும் முதல் குரல், "தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்" என்பதாகவே இருக்கும். அன்பினால் எழும் குரல்தான் அது. ஆனாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். விபத்தில் கழுத்தெலும்பு முறிந்திருக்கக் கூடியவரைக் கழுத்துப் பட்டை அணிவிக்காமல், பலகையில் கிடத்தாமல் அள்ளித் தூக்கினால், தண்டுவடம் அறுபட்டுக் கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக் கூடும். பீறிடும் இரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, சுவாசப் பாதையைச் சீராக்கிப் பிராணவாயு கொடுப்பது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது என்று அந்தச் சில நிமிடங்களில் அவர் செய்பவை எல்லாம் பயணத்தில் உயிரைத் தாங்கிப் பிடிப்பவை. பலர் அடிபட்ட இடத்தில், சத்தம் போடுபவரைத் தாண்டி, பேச்சு மூச்சின்றிக் கிடப்பவரிடம் அவர் முதலில் போனால் தடுக்காதீர்கள். காப்பாற்றக் கூடியவர்களில் யாருக்கு நேரம் மிகக் குறைவு என்று பார்த்தே அவர் வரிசையை முடிவு செய்கிறார்.

பிரசவ வலியோடு ஏற்றப்பட்ட பெண்ணுக்குத் தலை தெரியத் தொடங்கிவிட்டால், உதவியாளர் வண்டியைச் சாலையோரம் நிறுத்தச் சொல்வார். உடன் வரும் தாயோ மாமியாரோ அப்போது பதறுவது உண்டு. ஓடும் வண்டியில் குலுங்கிக்கொண்டு பிரசவம் பார்ப்பதைவிட நிறுத்திப் பார்ப்பதே தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பு. அதற்கான கையுறைகள், கவ்விகள், சுத்தமான துணி எல்லாம் வண்டியிலேயே இருக்கின்றன.

எந்த மருத்துவமனை என்பதில்தான் தகராறு மிகுதி. பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தலையை ஸ்கேன் எடுக்காமல் அதைக் கொடுக்க இயலாது. ஸ்கேன் வசதி இல்லாத, ஆனால் நமக்குப் பழகிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லி வற்புறுத்தினால் அந்த நேரம் வீணாகிவிடும். சாலை விபத்தில் காயமுற்றவருக்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இணைந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் வரம்புக்கு உட்பட்டு, அரசே பணம் கட்டுகிறது. ஆகவே செலவுக்கு அஞ்சித் தாமதிக்கத் தேவையில்லை. உதவிய வழிப்போக்கரும் அஞ்ச வேண்டாம்: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு வராமல் காக்கிறது.

உடன் செல்பவர் ஒருவர் போதும். நோயாளி என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒவ்வாது, கடைசியாக எப்போது உண்டார் என்பதை அறிந்தவராக அவர் இருக்கட்டும். மாத்திரை அட்டைகளையும் பழைய இசிஜி தாள்களையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளியை ஒப்படைக்கும்போது, வழியில் பார்த்த அளவுகளையும் கொடுத்த சிகிச்சையையும் உதவியாளர் மருத்துவரிடம் சொல்வார். அருகில் நின்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் நீங்கள் வீட்டில் ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால், மறைக்காமல் அங்கேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.