10 நட்டுகளை வைத்து அடர்த்தியை அளப்பது எப்படி?

மரம் கனமா, இரும்பு கனமா? எல்லோரும் இரும்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் மரத்தூணைத் தூக்க நாலு பேர் வேண்டும். இரும்பு ஆணியைக் குழந்தைகூட எடுத்துவிடும். ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் 'இரும்பு கனம்' என்கிறோம். அந்த ஒப்பீட்டை எண்ணால் சொன்னால் அதுதான் அடர்த்தி.

பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது நிறை. எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது பருமன். நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. இதை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை கையால் அளந்துவிடுவது மேல். டிஜிட்டல் தராசு, மி.லி. கோடு போட்ட ஒல்லியான கண்ணாடி அளவு ஜாடி, ஒரே மாதிரியான 10 எஃகு நட்டுகள், இவை இருந்தால் போதும்.

படி 1: நட்டுகளை முதலில் நிறுத்துவிடுங்கள். நனைந்த பிறகு நிறுத்தால் ஒட்டியிருக்கும் தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடும். 94 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: ஜாடியில் 50 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஓரத்தில் சற்று ஏறி, நடுவில் குழிந்து நிற்கும். கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து, குழிவின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு தப்பும்.

படி 3: ஜாடியைச் சாய்த்து, நட்டுகளை ஒவ்வொன்றாக வழுக்கி உள்ளே விடுங்கள். துளைகளில் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் அதுவும் பருமனாகக் கணக்கில் ஏறும். ஜாடியை மெல்லத் தட்டினால் வெளியேறிவிடும். இப்போது மட்டம் 62 மி.லி. என்றால், நட்டுகளின் பருமன் 12 மி.லி., அதாவது 12 கன செ.மீ.

படி 4: 94-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.8. ஒரு கன செ.மீ.க்கு 7.8 கிராம். எஃகின் அடர்த்தி பொதுவாக 7.85-ஐ ஒட்டி இருக்கும், அதனால் இது நல்ல விடை.

சரி, பாதி நட்டுகளை வைத்துச் செய்தால்? நிறை 47 கிராம், பருமன் 6 மி.லி.; வகுத்தால் அதே 7.8. நிறையும் பாதியாகிறது, பருமனும் பாதியாகிறது, அடர்த்தி அசையவில்லை. அடர்த்தி துண்டின் அளவைப் பொறுத்ததல்ல, அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. இந்த ஓர் இடம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஒரே ஒரு நட்டை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். அதன் நிறை 9.4 கிராம்; தண்ணீர் 1 மி.லி.க்குச் சற்று மேலே ஏறும். அதை 1 என்று படித்தால் விடை 9.4, ஒன்றரை என்று படித்தால் 6.3. மயிரிழை தப்பினாலும் விடை எங்கேயோ போய்விடும். 10 நட்டுகளைச் சேர்த்துப் போடுவது அதனால்தான்.

சூத்திரத்தைத் திருப்பியும் போடலாம்: அடர்த்தியைப் பருமனால் பெருக்கினால் நிறை. 10 கன செ.மீ. அலுமினியம் 27 கிராம்தான். அதே அளவு தங்கம் 193 கிராம். புத்தகங்களில் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று போட்டிருந்தால் 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் 1000 என்பது நம் கணக்கில் 1.

திரவத்துக்கு வேலை இன்னும் சுலபம். காலி ஜாடியை நிறுத்து, 100 மி.லி. ஊற்றி மறுபடி நிறுத்து, வித்தியாசத்தை 100-ஆல் வகுத்தால் முடிந்தது.

அப்புறம், மிதக்கும் பொருளை அளக்க வேண்டுமானால் மெல்லிய ஊசியால் முழுவதும் நீருக்குள் அழுத்திப் பிடித்தபடி மட்டத்தைப் படியுங்கள். அதன் அடர்த்தி 1-க்குக் கீழேதான் வரும். பனிக்கட்டிக்கு அது 0.92, அதனால்தான் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தண்ணீருக்கு மேலே தலைகாட்டுகிறது.