இரண்டு வயதுப் பிள்ளையோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட விடுமுறை என்று ஒன்று கிடையாது. ஆனாலும் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் பழக்கதோசத்தில் ஓகஸ்ட்டுக்குத்தான் ரிக்கற் போடுகிறார்கள். விலை ஏறி நிற்கிற மாதம் அது. யாழ்ப்பாணத்தில் வெயிலும் சோளகக் காற்றுப் புழுதியுமாக இருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு உலகம் முழுவதிலும் இருந்து வந்த சனமும் அங்கேதான் நிற்கும். மூத்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால் வேறு வழியில்லை. இருப்பது ஒரு குழந்தை மட்டும் என்றால் தைப்பொங்கல் கழிந்து பங்குனி நடுப்பகுதிக்குள் போய் வாருங்கள். மாரி ஓய்ந்திருக்கும், விடியற்காலையில் வாடைக்குளிர் கொஞ்சம் மிச்சமிருக்கும், காலை பத்து மணி வரைக்கும் பிள்ளையை முற்றத்தில் விளையாட விடலாம். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மழை, வெள்ளம், சில வருடங்களில் புயல், அதோடு சேர்ந்து டெங்கு. மாசியில் போனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்காது என்பது ஒன்றுதான் குறை. அது பிள்ளையின் குறை இல்லை, எங்களுடையது.

இரண்டு வயது நிறையுமுன் மடியில் வைத்துக்கொண்டு போகலாம், முழு ரிக்கற் வேண்டாம் என்பதற்காகவே பலர் அவசரப்படுவார்கள். லண்டனில் இருந்து நேரே பறந்தாலும் பத்து மணித்தியாலத்துக்கு மேல். ஓடித் திரிகிற பிள்ளையை அவ்வளவு நேரம் மடியில் பிடித்து வைத்திருக்க முடியுமா என்று யோசித்துவிட்டுக் காசை மிச்சம் பிடியுங்கள். பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்தால், திரும்பி வரும்போது பொதுவாக விமான நிறுவனங்கள் தனி இருக்கை கேட்கும். பிள்ளைக்கும் தனிக் கடவுச்சீட்டும் இலத்திரனியல் பயண அனுமதியும் வேண்டும். பயண அனுமதியை இலங்கை அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் எடுங்கள், அதே தோற்றத்தில் காசு பிடுங்குகிற தளங்களும் இருக்கின்றன. தாய் மட்டும் பிள்ளையோடு போகிற பயணம் எங்களுக்குள் நிறைய. அப்படியென்றால் தகப்பன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று பையில் இருக்கட்டும்.

இறங்கிய இரவே ஊருக்கு ஓட வேண்டாம்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வந்தால் மாமா வானோடு நிற்பார். "ஒரே இழுவை, விடிய வீட்டை நிற்கலாம்" என்பார். அன்பில்தான் சொல்கிறார், ஆனாலும் சம்மதிக்காதீர்கள். 350 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது, எப்படிப் போனாலும் ஏழு மணித்தியாலமாவது பிடிக்கும். இரவில் பாரவண்டி, மாடு, சில இடங்களில் யானை எல்லாம் றோட்டில் நிற்கும். ஓட்டுகிறவரும் பகல் முழுக்க முழித்தவர். விமான நிலையத்தில் இருந்து பத்துக் கிலோமீற்றரில் நீர்கொழும்பு. அங்கே ஒரு இரவு தங்கி, பிள்ளை எழும்புகிற நேரம் பார்த்துப் புறப்பட்டால் எல்லாருக்கும் நல்லது.

கார் சீற்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். பல விமான நிறுவனங்கள் அதையும் தள்ளுவண்டியையும் தனிக் காசில்லாமல் ஏற்றும். ஆனால் அங்கே போய் அதை வானில் பூட்டுவது இன்னொரு கதை. வாடகை வான்களில் பின் சீற் பெல்ற்றுகள் பெரும்பாலும் றெக்சின் உறைக்குள் புதைந்து கிடக்கும், அல்லது இடுப்புப் பட்டி மட்டும்தான் இருக்கும். வானைப் பேசும்போதே, "பின்சீற் பெல்ற் வேலை செய்யுதோ? உறையைக் கழற்றி ஒருக்கா இழுத்துப் பார்த்துப் படம் அனுப்புங்கோ" என்று கேளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் அனுப்புவார்கள். ஊருக்குள் ஓட்டோவில் போகும்போது அந்தச் சீற் உதவாது. அதனால் ஓட்டோவைக் கிட்டிய இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளையை நடுவில் இருத்துங்கள்.

வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரும் இறங்குவார்கள். கற்பூரம் கொளுத்திவிட்டுக் கச்சான் வாங்குவது ஏ9 வீதியின் சட்டம். கச்சான் பெரியவர்களுக்கு மட்டும். ஐந்து வயதுக்குள் முழுக் கச்சான் மூச்சுக்குழாயில் போய் அடைக்கக்கூடியது, வான் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்சீற்றில் என்ன நடக்கிறது என்று தெரியவும் வராது. ரயில் ஓடுகிற காலமென்றால் குளிரூட்டிய பெட்டியில் முன்கூட்டியே இடம் எடுத்துப் போவது வானைவிடச் சுகம். பிள்ளை எழும்பி நடக்கலாம், ஜன்னலால் மயில் பார்க்கலாம்.

ஒரு வீடு போதும்

மூன்று கிழமைக்குள் அப்பப்பா வீடு, அம்மம்மா வீடு, கொழும்பில் சித்தி வீடு, வவுனியாவில் பெரியம்மா வீடு என்று பங்கு போட்டால் பிள்ளை ஒரு இடத்திலும் ஒழுங்காக நித்திரை கொள்ளாது. நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு வீட்டில் தங்குங்கள், சொந்தக்காரர் அங்கே வரட்டும். மனஸ்தாபம் வரும் என்று பயப்படுவீர்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வாங்கோ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சனம் சந்தோசமாக வரும். வெளிநாட்டுப் பிள்ளையைப் பார்க்க அயலட்டை முழுக்க வரும். நடக்க முடியாத முதியவர்கள் இருக்கிற வீடுகளுக்கு மட்டும் நீங்கள் போங்கள், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஒரு வீட்டில் தேத்தண்ணியும் வடையும் முடிந்து எழும்பவே ஒன்றரை மணித்தியாலம் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் மூன்று நாட்களுக்கு ஒன்றும் வைக்காதீர்கள். லண்டனில் இருந்து போன பிள்ளை நடுச்சாமம் வரை விளையாடி, பகல் பதினொரு மணிக்கு எழும்பும். அதைத் திருத்த ஒரு கிழமையாவது பிடிக்கும், பகலில் முற்றத்து வெளிச்சத்தில் நின்றால் கொஞ்சம் விரைவாகத் திருந்தும். ரொறன்ரோவில் இருந்து போனால் இரவும் பகலும் முழுக்க மாறிவிடும். வீட்டில் ஒருவர் இரவில் காவல், மற்றவர் பகலில் காவல் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத்தான் அம்மம்மா இருக்கிறார். விடிய நான்கு மணிக்கே எழும்பி முற்றம் கூட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் முழித்திருக்கிற பேரப்பிள்ளை வரப்பிரசாதம்.

வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையைத் தூக்குவார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், "மெலிஞ்சு போச்சு, ஒன்றும் குடுக்கிறேல்லையோ?" என்பார்கள். பையில் இருந்து சொக்லேற் வரும். நீங்கள் மறுத்தால் வெளிநாட்டுத் திமிர் என்று பெயர் வரும். "டொக்டர் இனிப்புக் குடுக்க வேண்டாம் எண்டவர்" என்று அம்மம்மாவைச் சொல்ல விடுங்கள், எதிர்ப்பேச்சு இருக்காது. அவர்கள் போன பிறகு அம்மம்மா செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டு நாவூறு கழிப்பார். அந்தப் புகை மூக்கில் ஏறும், பிள்ளையை அந்த நேரம் அடுப்படியில் இருந்து தள்ளி வைத்தால் போதும்.

கிணற்றடியும் முற்றமும்

மேற்கில் வளர்ந்த பிள்ளைக்கு முற்றம் ஒன்றே பெரிய விடுமுறை. கோழி, ஆடு, மண், அணில், வாழைப்பாத்திக்குள் ஓடுகிற தண்ணீர். கடற்கரை, கோட்டை எல்லாம் நமக்காகப் போவது. ஆனால் அந்த முற்றத்திலேயே ஆபத்தும் இருக்கிறது, முதலாவது கிணறு. பழைய வீடுகளில் கிணற்றுக்கட்டு பிள்ளையின் நெஞ்சளவு கூட இருக்காது, பக்கத்தில் ஏறுவதற்கு வசதியாக ஒரு உடுப்புத் தோய்க்கிற கல்லும் இருக்கும். நீங்கள் போவதற்கு ஒரு கிழமை முன்பே மேலே கம்பிவலை போட்டு மூடச் சொல்லுங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியையும் மறக்கக்கூடாது, முழங்காலளவு தண்ணீர் போதும் ஒரு பிள்ளை மூழ்க.

மாரி முடிந்த கையோடு போனால் முருங்கை மரத்தை அண்ணாந்து பாருங்கள். மயிர்க்கொட்டி மரத்தில் அப்பிக்கொண்டிருந்தால் அதன் கீழே பிள்ளையை விடாதீர்கள், பட்டால் தடித்துப் போய் இரவு முழுக்க அழும். மாமரத்தில் முசுறு இருக்கும். சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போடுவது, படுக்கையை உதறுவது எல்லாம் மட்டத்தேளுக்காக. தெரு நாயை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். வீட்டு நாயென்றாலும் ஊசி போட்டதா என்று கேளுங்கள். கடித்தாலோ பல்லோ நகமோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். "இது எங்கட நாய், ஒண்டும் செய்யாது" என்கிற சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

குளிப்பாட்டுவதை அம்மம்மாவிடம் விடுங்கள். காலை ஒன்பது மணிக்கே பெரிய பேசினில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வெயிலில் வைத்துவிடுவார். இரண்டு வேப்பிலைக் கொத்து மிதக்கும், காகம் வாய் வைக்காமல் மேலே ஒரு சுளகு. பதினொரு மணிக்குத் தண்ணீர் கைபொறுக்கிற இளஞ்சூடு. பிள்ளை அந்தப் பேசினுக்குள்ளேயே இருந்து விளையாடும், நேரே சாப்பாடு, நேரே நித்திரை. அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் விடாதீர்கள். குடிப்பதற்குக் கொதித்தாறிய தண்ணீர், அல்லது மூடி உடைக்காத போத்தல் தண்ணீர். வெளியே போகிற இடத்தில் இளநீர் இருக்கவே இருக்கிறது, கண்முன்னால் வெட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி வெளிநாட்டில் இருந்து நினைப்பதுபோல் பயப்படத் தேவையில்லை. கறிதான் உறைப்பு. இடியப்பத்துக்கு மிளகாய் போடாத வெள்ளைச் சொதி, புட்டோடு கதலி வாழைப்பழம், குழைத்த சோற்றில் பருப்பும் நெய்யும், குரக்கன் கஞ்சி இவை எந்தப் பிள்ளைக்கும் ஒத்துவரும். கறிக்குத் தூள் போடமுன் பிள்ளைக்குத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னால் பிரச்சினை முடிந்தது. பால்தான் சிலருக்குச் சிக்கல். ஊரில் பால்மா கரைப்பதுதான் வழக்கம், அந்தச் சுவை பிள்ளைக்குப் பிடிக்காமல் போகலாம். சூப்பர்மார்க்கற்றில் பெட்டியில் அடைத்த திரவப் பால் இருக்கிறது, அதை வாங்குங்கள். பக்கத்து வீட்டு மாட்டுப்பால் என்றால் வடிவாகக் கொதித்திருக்க வேண்டும்.

பம்பர்ஸ் யாழ்ப்பாணத்தில் தாராளமாக வாங்கலாம், பெட்டியில் இடம் பிடிக்க வேண்டாம். வாங்குவது லேசு, எறிவதுதான் கஷ்டம். கிராமங்களில் குப்பையை வளவுக்குள் கொளுத்துவார்கள், பாவித்த பம்பர்ஸ் எரியாது, நாய் இழுத்து ஒழுங்கை முழுக்கப் பரப்பும். பிரதேச சபை வண்டி எந்த நாளில் வருகிறது என்று கேட்டு, மூடியுள்ள வாளி ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டுக்குள்ளே பகலில் ஒன்றும் போடாமல் விட்டால் இன்னும் நல்லது. அந்த வெக்கைக்கு அதுதான் மருந்து.

காய்ச்சல் வந்தால்

இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். காய்ச்சல் என்றதும் கொண்டுபோன இபுபுறோஃபன் சிரப்பைக் கொடுக்கக்கூடாது. டெங்கு என்றால் அது இரத்தக்கசிவை மோசமாக்கக்கூடும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை பரசிற்றமோல் மட்டும், ஊரில் கேட்டால் பனடோல் சிரப். அளவைப் பிள்ளையின் நிறைக்குப் பார்த்துக் கொடுங்கள். முதல் நாட்களிலேயே இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கின் ஆபத்தான கட்டம் தொடங்கும், அதனால் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். விடாத வாந்தி, வயிற்றுநோ, சோர்ந்து படுத்தல், சிறுநீர் குறைதல் இதில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் பொழுதுபடுமுன்னும் கூடுதலாக. நித்திரைக்கு நுளம்புவலை போட்டுவிட்டுப் பகலில் சும்மா விட்டால் பாதி வேலைதான். மலேரியாவைப் பற்றிப் பதற வேண்டாம், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்று பாமசியில் கேளுங்கள், உப்புச்சீனிக் கரைசல் பக்கற் தருவார்கள். பிள்ளை வைத்தியர்களைப் பின்னேரத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளில் சனல் பண்ணிப் பார்க்கலாம், நம்பர் எடுத்துவிட்டுப் போனால் காத்திருப்பு குறையும். அவசரமென்றால் யாழ் போதனா வைத்தியசாலை. அம்புலன்சுக்கு 1990, இலவசம். போகுமுன் இருக்கிற நாட்டிலேயே வைத்தியரிடம் கதைத்து ஊசிகளை முடித்துவிடுங்கள். தைபொயிட்டுக்கான ஊசிகளில் வழக்கமானது இரண்டு வயதுக்குப் பிறகுதான் போடுவார்கள் என்பதால் சின்னவர்களுக்குத் தண்ணீரில்தான் முழுக் கவனமும்.

வெளியே போவதென்றால்

காரைநகர் கசூரினாக் கடல் கனதூரம் வரைக்கும் முழங்காலளவுதான், அலையும் குறைவு. பின்னேரம் நான்கரைக்குப் போனால் சரி. நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் இருந்து படகு கொஞ்ச நேரம்தான், பிள்ளைக்கு அளவான உயிர்காப்பு அங்கி படகில் இருக்கும் என்று நம்பாமல் நீங்களே கொண்டுபோங்கள். நெடுந்தீவைப் பிள்ளை வளரட்டும் என்று விட்டுவிடலாம். யாழ் கோட்டை மதிலில் பல இடங்களில் தடுப்பு இல்லை, கையை விடாதீர்கள். நல்லூருக்குத் திருவிழா இல்லாத ஒரு நாளில் காலைப் பூசைக்குப் போய், வெளியில் வந்து ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு அதுவே திருவிழா.

மொட்டை, காதுகுத்து, ஏடு தொடக்குதல் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடித்துவிட வேண்டும் என்று வீட்டில் நெருக்குவார்கள். ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். காதுகுத்தினால் புண் ஆறும்வரை கடலும் கிணற்றுக் குளிப்பும் இல்லை, அதனால் அதைக் கடைசிக் கிழமைக்குத் தள்ளலாம், அல்லது விட்டுவிடலாம். மூன்று வயதை எட்டுகிற பிள்ளையென்றால் ஏடு தொடக்குவது எல்லாவற்றிலும் லேசு. விஜயதசமிக்கு மட்டுமல்ல, தைப்பூசத்திலும் தொடக்குவார்கள். தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிப்பது ஐந்து நிமிட வேலை. பிள்ளை இரண்டாவது எழுத்துக்கே அரிசியை அள்ளி எறியத் தொடங்கும், ஐயர் அதையெல்லாம் கண்டு பழகியவர்.

திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், நர்சரியில் தொற்றிய தடிமன் என்று விடாமல், இலங்கைக்குப் போய் வந்ததை வைத்தியரிடம் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு டெங்கு நினைவுக்கு வராது.