ஜெட்டை மாற்றும் முன்: பழைய டூ-ஸ்ட்ரோக் கார்புரேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் தானாக உறுமி ஏறுகிறதா? உடனே ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகு) பெட்டியைத் திறப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இந்த அறிகுறி பெரும்பாலும் காற்றுக் கசிவைக் காட்டுகிறது. ஒரு பழைய டர்ட் பைக்குக்கு மெயின் ஜெட்டை மூன்று முறை மாற்றியும் எனக்குப் பலன் கிடைக்கவில்லை. மேக்னட்டோவை (பிளக்குக்கு மின்சாரம் தரும் பகுதி) கழற்றிப் பார்த்தபோது, கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் ஆயில் சீலின் உதடு கல்லாக இறுகியிருந்தது. விரல் நகத்தால் தொட்டதும் உதிர்ந்தது. அந்த வழியாக உள்ளே போகும் காற்றை எந்த ஜெட்டாலும் ஈடுகட்ட முடியாது. சீல்களையும், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரையும் சரிபார்க்காமல் டியூனிங்கில் இறங்கவே கூடாது.

அடுத்தது ஏர் ஸ்க்ரூ. 1968-இல் வந்த யமஹா டி.டி.1 போன்ற வண்டிகளில் இருக்கும் மிக்குனி வி.எம். கார்புரேட்டரில் இது காற்றை மட்டும் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் கலவையில் பெட்ரோல் குறையும். பல ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் இதற்கு நேர்மாறு என்பதால், அந்தப் பழக்கத்தில் தவறான பக்கம் திருப்பிவிடுகிறார்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, முழுதாக மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பித் தொடங்குங்கள். மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால் பைலட் ஜெட் (ஐட்லிங்கில் பெட்ரோல் தரும் ஜெட்) பெரியது; ஏறக்குறைய மூடிய நிலையில்தான் ஓடுகிறது என்றால் சிறியது.

எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்க்காமல் மெயின் ஜெட்டைக் குறை சொல்வதும் வழக்கம். ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் எனக் கோடு போடுங்கள். கால் முதல் முக்கால் வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கி பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஊசியின் ஆட்சி; அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்டுக்கு முக்காலுக்கு மேல்தான் வேலை.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டுபவர்கள், பாதுகாப்புக்காக என்று எண்ணெயைக் கூட்டிவிடுகிறார்கள். அப்போது ஜெட் வழியே போகும் பெட்ரோலின் பங்கு குறைந்து, எஞ்சின் கூடுதலாகச் சூடாகலாம். எண்ணெய் அளவை முதலில் நிலைப்படுத்திவிட்டு ஜெட்டைத் தேர்ந்தெடுங்கள். அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தவும் வேண்டாம்; துளை பெரிதாகிவிடும்.

இதில் மிகவும் ஆபத்தானது காதை நம்புவது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் கூர்மையாக, துள்ளலாக ஓடும். சற்று நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதே என் வழி. புதிய பிளக்கை மாட்டி, ஆளில்லாத நேர்ப்பாதையில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே எஞ்சினை அணைத்து, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மெதுவாக வீடு திரும்பிய பிறகு பார்த்தால், அது ஐட்லிங்கின் நிறத்தைத்தான் காட்டும். பீங்கானின் அடிப்பகுதியில் காப்பி நிற வளையம் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை; வண்டியை அதற்கு மேல் விரட்டாமல், பெரிய ஜெட்டை அங்கேயே மாட்டிவிடுங்கள்.